ஆட்டம் முடிந்தபின் அவள் எங்கே போகிறாள்?

1

ஜப்பானிய அனிமே படங்களைப் பார்க்கிற இளைஞர்களிடம் 'ஃபேன் சர்வீஸ்' என்றொரு சொல் புழங்குகிறது. கதைக்கு வேண்டியிராத, ரசிகனைக் குஷிப்படுத்துவதற்காக மட்டுமே செருகப்பட்ட காட்சி என்று பொருள். வெந்நீர் ஊற்றில் குளிக்கும் பெண்கள், காரணமின்றிக் கிழியும் உடை, கீழேயிருந்து மேல்நோக்கும் காமிரா. ஆங்கிலச் சொற்களை ஒட்டி ஜப்பானியர் தாங்களாகவே செய்துகொண்ட சொல் இது. இந்தச் சேவை எப்போதாவது கதைக்கும் பாத்திர வளர்ச்சிக்கும் உதவ முடியுமா என்பது அந்த ரசிகர்களுக்குள் ஓயாத சண்டை.

தமிழ் சினிமா பார்த்து வளர்ந்த ஒருவருக்கு இது அந்நியமான கேள்வியே இல்லை. சேவை இங்கே அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடக்கிறது. நம்மிடம் அதற்கு ஒரு சொல் இல்லை, இரண்டு இருக்கின்றன. ஆணின் உடலை ரசிகனுக்காக நிறுத்திக் காட்டினால் 'மாஸ்'. பெண்ணின் உடலை நிறுத்திக் காட்டினால் 'கவர்ச்சி'. முன்னதற்கு விசில், பட்டாசு, கட்-அவுட்டுக்குப் பாலாபிஷேகம். பின்னதற்கும் விசில் உண்டு. ஆனால் விசிலடித்தவனே வெளியே வந்து 'அந்தப் பாட்டு மட்டும் தேவையில்லப்பா' என்பான். ஒரே செயலுக்கு இரண்டு பெயர் வைத்து, ஒன்றைப் பெருமையாகவும் மற்றதை அசிங்கமாகவும் பிரித்து வைத்திருக்கிற நம் மொழிக்கிடங்கைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

நம் சூழலில் இதற்குத் தயாராக இரண்டு பதில்கள் உண்டு. வணிக சினிமா முழுவதுமே கழிசடை, அதற்குள் எது கதைக்கு உதவுகிறது என்று தேடுவது வீண்வேலை என்பது ஒன்று. ஆபாசம் ஒழிய வேண்டும், தணிக்கை கடுமையாக வேண்டும் என்பது மற்றொன்று. முதலாவது அறிவுஜீவியின் சோம்பல்; இரண்டாவது பெண்ணுடலையே குற்றப் பொருளாக்கும் ஒழுக்கவாதம். இரண்டும் எத்தனை அங்குலம் தெரிகிறது என்ற அளவுக் கணக்கில் வந்து சந்தித்துக்கொள்கின்றன. அளவுக்கும் கதைக்கும் சம்பந்தமில்லை என்பதே என் வாதம். கேட்க வேண்டிய கேள்வி வேறு: ஆட்டம் முடிந்தபின் ஆடியவள் எங்கே போகிறாள்?

2

எங்கள் தெருவில் கணிப்பொறி படிக்கும் ஒரு பையன் இருக்கிறான். மேற்குத் தாம்பரத்திலிருந்து ஸ்டேஷனுக்கு நடக்கும்போது சில நாள் கூட வருவான். 2013இல் வந்த 'கில் லா கில்' தொடரை எனக்குப் பரிந்துரைத்தது அவன்தான். அதில் நாயகி ரியூகோ அணிகிற உயிருள்ள சீருடை அவள் உடலை மறைப்பதைவிடக் காட்டுவதே அதிகம். அவளுக்கு அது பெருத்த அவமானம். வெட்கப்படுகிறவரை உடைக்கு முழு பலம் வருவதில்லை. வெட்கத்தை உதறும்போதுதான் வருகிறது. உலகத்தை அடிமைப்படுத்தும் எதிரியும் உடைதான் என்று கதை பிற்பாடு விரிகிறது.

"அக்கா, இதுல அந்த டிரெஸ் சும்மா வெச்சதில்ல. அவ வெக்கத்த விடறதுதான் கதையே" என்றான்.

"அவ விட்டது சரிதான் தம்பி. காமிரா எதுக்குத் தரையில படுத்துக் கெடக்குது?" என்று கேட்டேன்.

சிரித்தான். பிறகு, "அது நமக்கு" என்றான்.

பையன் சொன்னதில் ஒரு கோட்பாடே இருக்கிறது. அந்த உடைக்குக் கதைக்குள் காரணம் இருக்கிறது. அந்தக் கோணத்துக்குக் கதைக்குள் சொந்தக்காரர் இல்லை. ரியூகோவை அங்கேயிருந்து பார்க்கும் பாத்திரம் எதுவும் கதையில் கிடையாது. பார்ப்பது இருக்கையில் இருக்கும் நாம். ஒரு காட்சிக்குள் தேவையும் சாக்கும் இப்படி ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடக்கும். இரண்டையும் பிரித்துப் பார்ப்பதுதான் விமர்சன வேலை.

சாக்குக் கண்டுபிடிப்பதில் தமிழ் சினிமாவை மிஞ்ச ஆளில்லை. வில்லனின் கூடாரம், கடத்தல்காரர்கள் கூடும் கிளப், ஊர்த் திருவிழாவில் ரிக்கார்டு டான்ஸ், போலீஸ் மாறுவேடம் போட்டு நுழையும் இடம் எல்லாம் பாட்டை உள்ளே விடத் திறந்துவைத்த கதவுகள். 2023இல் வந்த 'ஜெயிலர்' வரைக்கும் இது தொடர்கிறது: தமன்னா அதில் ஒரு நடிகையாகவே வருகிறார், படத்துக்குள் ஒரு படப்பிடிப்பு, ஆகவே நடனம். தர்க்கம் பிசகவில்லை. ஆனால் தர்க்கம் பிசகாமலிருப்பதும் கதைக்கு உதவுவதும் ஒன்றல்ல. அந்தப் பாட்டுக்கு முன்னும் பின்னும் முத்துவேல் பாண்டியனின் கதையில் எதுவும் மாறுவதில்லை.

சாக்குக்கூடத் தேடாத வடிவமும் நம் புறநகரில் வாழ்ந்தது. 'பரங்கிமலை ஜோதி' என்ற பெயரே ஒரு காலத்தில் சென்னை ஆண்களுக்குள் கண்சிமிட்டலோடு சொல்லப்பட்ட குறிச்சொல்; வயது வந்தோருக்கான மலையாளப் படங்கள் என்று அர்த்தம். அந்தவகைப் படங்களைச் சுற்றி உலவிய 'பிட்டு' என்ற வார்த்தையைக் கவனியுங்கள். துண்டு. படத்துக்குச் சம்பந்தமில்லாத துண்டுப் படச்சுருளை நடுவில் ஒட்டுவது. யார் என்று தெரியாத உடல், முகம் தேவைப்படாத உடல், முன்கதையும் பின்கதையும் இல்லாத உடல். கதையாடலிலிருந்து முழுக்க அறுத்தெடுத்த சேவையின் தூய வடிவம் இதுதான். குடும்பத்தோடு பார்க்கும் படத்தில் வருகிற ஐட்டம் பாட்டு, பிட்டின் மரியாதையான தங்கை.

பெண்ணின் காட்சி கதையின் ஓட்டத்தை நிறுத்திவைக்கிறது என்று லாரா மல்வி 1975இல் எழுதினார். ஹாலிவுட்டுக்கு அவர் சொன்னதைத் தமிழ்த் திரையரங்கில் கண்கூடாகவே பார்க்கலாம். அந்தப் பாட்டு தொடங்கியதும் பெண்கள் உட்கார்ந்திருக்கும் வரிசைகளைத் திரும்பிப் பாருங்கள். ஒருத்தி பிள்ளைக்குப் பாப்கார்ன் ஊட்டுவாள். ஒருத்தி செல்போனை எடுப்பாள். ஒருத்தி பாத்ரூமுக்குப் போவாள். ஐந்து நிமிஷத்துக்குப் படம் அவர்களுடையது அல்ல என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. கதை நிற்கிறது என்பது மட்டுமல்ல, பார்வையாளரில் ஒரு பாதி வெளியே அனுப்பப்படுகிறது.

3

அப்படியானால் ஆட்டமும் பாட்டும் கதைக்குப் பகையா? தமிழ் படித்தவர்கள் இந்த இடத்தில் உடனே இல்லை என்று சொல்ல வேண்டும். சிலப்பதிகாரம் நம் கையில் இருக்கிறது.

அரங்கேற்று காதையை ஒரு நிமிடம் சினிமா ரசிகனின் கண்ணோடு படியுங்கள். அரங்கின் அளவு, விளக்கின் ஒளி, இசைக்கருவிகளின் வரிசை, அத்தனையும் ஒரு பெண் ஆடுவதைக் காட்டுவதற்கான ஏற்பாடு. காவியம் நின்று நிதானமாக ரசிகச் சேவை செய்கிறது. ஆனால் அந்த ஆட்டத்துக்கு மன்னன் மாலை தருகிறான். ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பெறும் அந்த மாலையைக் கூனி தெருவில் விற்க நிற்கிறாள். கோவலன் வாங்குகிறான். ஆட்டத்துக்கு விலை குறிக்கப்படுகிறது. அந்த விலையைக் கடைசியில் கண்ணகியின் சிலம்பும் கோவலனின் உயிரும் கட்டுகின்றன. இளங்கோ பார்வையை இலவசமாக விடவில்லை.

கானல்வரி அதைவிடத் துணிச்சல். கடற்கரையில் இரண்டு பேர் பொழுதுபோக்காகப் பாடுகிறார்கள். இன்றைய திரைக்கதைக்காரன் 'டூயட்' என்று எழுதிவிட்டு அடுத்த காட்சிக்குப் போய்விடுவான். இங்கோ, அவன் வேறொருத்தியை நினைத்துப் பாடுகிறான் என்று அவள் எண்ணுகிறாள். அவளும் அதேபோலப் பாடிக்காட்ட, அவன் உண்மையென்று நம்பி எழுந்து போய்விடுகிறான். பாட்டை எடுத்துவிட்டால் மதுரைக்கு வழியே இல்லை.

முக்கியமானது அதற்கப்புறம். மாதவி கடற்கரையோடு முடிந்துபோகவில்லை. கடிதம் எழுதுகிறாள். அவன் வாங்க மறுத்தபின் மறுபடியும் எழுதுகிறாள். அவன் இறந்த செய்தி கேட்டுத் துறவு கொள்கிறாள். மகளை ஆடல் தொழிலுக்கு அனுப்ப மறுக்கிறாள். அந்த மறுப்பிலிருந்து இன்னொரு காப்பியமே பிறக்கிறது. சங்க அகப்பாட்டின் மருதத்தில் பரத்தை பெரும்பாலும் பேசப்படுகிறவள், அல்லது சில பாட்டில் பேசிவிட்டு மறைகிறவள். அவளுக்கு ஒரு நாளையும் மறுநாளையும் கொடுத்தது இந்தக் காப்பியம். ஆட்டம் முடிந்தபின் அவள் எங்கே போகிறாள் என்று கேட்டால் இளங்கோவிடம் பதில் இருக்கிறது. நம் சினிமாவோ தலைவி, பரத்தை என்ற பழைய பாகப்பிரிவினையை எடுத்துக்கொண்டது, மாதவியை எடுத்துக்கொள்ளவில்லை. கதாநாயகிக்குக் கற்பும் கதையும். கவர்ச்சி நடிகைக்கு ஒரு பாட்டும் ஒரு துப்பாக்கிக் குண்டும்.

4

ஆந்திராவின் ஏலூர் வட்டாரத்திலிருந்து வந்த விஜயலட்சுமி என்ற பெண் 1980இல் 'வண்டிச்சக்கரம்' படத்தில் சாராயம் விற்கும் பாத்திரமாக வந்தார். பாத்திரத்தின் பெயர் சிலுக்கு. அந்தப் பெயரே நடிகையின் பெயரானது. பாத்திர வளர்ச்சி என்று நாம் பேசுவதன் தலைகீழ் வடிவம் இது. பாத்திரம் வளரவில்லை, நடிகையை விழுங்கிவிட்டது. அடுத்த ஆண்டே 'அலைகள் ஓய்வதில்லை'யில் நாயகியின் அண்ணியாக, ஆட்டம் எதுவும் இல்லாத குடும்பப் பெண்ணாக அவர் வந்தார். கண்ணால் மட்டுமே பேசத் தெரிந்த நடிகை என்று அந்தப் படத்தைப் பார்த்த எவரும் சொல்வர். தொழில் அந்தச் சாட்சியத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

1982இல் பாலு மகேந்திராவின் 'மூன்றாம் பிறை'. நினைவிழந்து குழந்தை மனத்தோடு இருக்கும் விஜியை விபச்சார விடுதியிலிருந்து மீட்டு ஊட்டிப் பக்கம் கொண்டுபோய் வைத்துக்கொள்கிறான் சீனு. சில்க் ஸ்மிதா அங்கே தலைமையாசிரியரின் இளம் மனைவி. வயதான புருஷன், கண் முழுக்கச் சீனுவின் மேல். மலைச் சரிவில் அந்தப் பாட்டு வருகிறது. நல்ல படத்துக்கு வணிகம் கொடுத்த லஞ்சம் அது என்பது நம் விமர்சகர்கள் பலரின் தீர்ப்பு. எனக்கு ஒப்புதலில்லை.

அந்தப் பாட்டையும் அந்தப் பெண்ணையும் எடுத்துவிட்டுப் படத்தை யோசித்துப் பாருங்கள். வளர்ந்த உடலும் குழந்தை மனமும் கொண்ட ஒருத்தியோடு ஒரே வீட்டில் ஓர் இளைஞன் வாழ்கிறான். அவனுக்கு ஆசை உண்டா என்ற கேள்வியைப் படம் எழுப்ப வேண்டும். விஜியின் உடலைக்கொண்டு எழுப்பினால் படம் அங்கேயே செத்துவிடும். ஆகவே ஆசை வேறோர் உடலுக்கு இடம்பெயர்க்கப்படுகிறது. ஆசையைத் தெரிந்து ஆசைப்படுகிற, அதை மறைக்காத ஒரு பெண்ணிடம். அவளை அவன் விலக்குவதால்தான் விஜியிடம் அவன் காட்டுகிற பரிவுக்கு எடை கூடுகிறது. இங்கே பாட்டு கதையை நிறுத்தவில்லை. கதை வாய்திறந்து சொல்ல முடியாததைச் சொல்கிறது.

இன்னொன்றும் உண்டு. ஒரு பெண் பார்வையாளராக எனக்கு அந்தப் பாட்டில் உட்கார ஓர் இடம் கிடைக்கிறது. பார்ப்பது அவள். ஆசை அவளுடையது. பார்க்கப்படுகிறவன் கமல்ஹாசன். ரசிகனுக்கான சேவை நடந்துகொண்டிருக்கும்போதே அதற்கடியில் ஒரு திருட்டுவேலையும் நடக்கிறது. தலைமையாசிரியர் மனைவி என்ற வயசுக்கு மீறின சுமைக்குள்ளிருந்து ஒருத்தி ஐந்து நிமிஷம் வெளியே வந்து மூச்சு விடுகிறாள். இதற்குமேல் பாத்திர வளர்ச்சி என்று எதைக் கேட்கிறோம்?

சோதனைக் கேள்வியைக் கேட்காமல் விட முடியாது. பாட்டு முடிந்தபின் அவள் எங்கே போகிறாள்? ரயில் நிலையத்துக் கடைசிக் காட்சியின் துயரம் சீனுவுக்கும் விஜிக்கும் மட்டும். இன்னொருத்தி புருஷன் வீட்டுக்குள் திரும்பிப் போய்விட்டாள். படம் அந்தக் கதவைத் திறந்து பார்க்கவில்லை. அவளிடம் வாங்கிய கடனை இந்த நல்ல படமும் பாதிதான் திருப்பித் தந்தது. கமல்ஹாசனுக்கும் ஒளிப்பதிவுக்காகப் பாலு மகேந்திராவுக்கும் தேசிய விருது வந்தது. அவள் தாங்கிய பாரத்துக்குப் பெயர்கூடக் கிடைக்கவில்லை. 'கவர்ச்சி' என்று ஒதுக்கிவிட்டோம்.

இரண்டு வருஷம் கழித்து, 1984இல், அதே இயக்குநர் எடுத்த படத்தின் தலைப்பு 'நீங்கள் கேட்டவை'. வானொலி நேயர் விருப்பத்தின் வாசகம். ஃபேன் சர்வீஸ் என்ற சொல்லுக்கு இதைவிட நேரான தமிழாக்கம் கிடைக்காது. அதிலும் சில்க் ஸ்மிதா உண்டு. 1988இல் அதே கை பாட்டே இல்லாத 'வீடு' படத்தை எடுத்தது. ஒருவரே இரண்டையும் செய்தார் என்பதால், சேவை என்பது கலைஞனின் சுபாவமல்ல, தொழிலின் ஒப்பந்தம் என்று தெரிகிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது ஒருவர். சேவகம் செய்வது இன்னொருவர்.

1996 செப்டம்பர் 23 அன்று சில்க் ஸ்மிதா சென்னையில் இறந்தார், தற்கொலை. வயது 35. சேவை அதோடும் முடியவில்லை. 2023இல் 'மார்க் ஆண்டனி' படத்தில் அவரைப் போன்ற தோற்றம் கொண்ட ஒரு பெண்ணைச் சில்க்காகவே நிறுத்தினார்கள். அரங்கம் ஆர்ப்பரித்தது. இறந்தவளுக்கும் ஓய்வில்லை.

5

'மாஸ்' பக்கம் வருவோம். இது ஆண் ரசிகர்களின் விஷயம் மட்டுமல்ல. ரஜினியின் நடைக்குக் கைதட்டிய பெண்களில் நானும் ஒருத்தி. ஆண் உடலைக் காட்டும் சேவையைத் தமிழ் சினிமா கதைக்குள் கரைத்த விதத்துக்கு 1995இல் வந்த சுரேஷ் கிருஷ்ணாவின் 'பாட்ஷா' போல இன்னோர் உதாரணம் கிடையாது.

மாணிக்கம் ஆட்டோ ஓட்டுகிறான். சண்டை வந்தால் ஒதுங்குகிறான். தம்பிக்கு விழவேண்டிய அடியைக் கம்பத்தில் கட்டுண்டு தான் வாங்கிக்கொள்கிறான். அரங்கத்தில் இருப்பவனுக்கோ இவன் யார் என்று தெரியும், ரஜினி. அடி, அடி என்று அவன் உள்ளே துடிக்கிறான். படம் தரமறுக்கிறது. ரசிகனின் இந்தப் பொறுமையின்மையைத்தான் படம் தன் எரிபொருளாக வைத்திருக்கிறது. தங்கைக்கு ஆபத்து வந்து கை ஓங்கும்போது கிடைப்பது ரசிகனின் ஆசைநிறைவேற்றம் மட்டுமல்ல. ஒருவன் தனக்கே விதித்துக்கொண்ட விரதம் உடைகிறது. பம்பாயில் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று தம்பி கேட்கிறான். ரசிகனின் கேள்வியும் தம்பியின் கேள்வியும் ஒன்றாகிவிடுகின்றன. சேவையே கதை.

குரோம்பேட்டை வெற்றி போன்ற அரங்குகளில் பெரிய நடிகரின் படம் வெளியாகும் நாளில் இன்று நடக்கும் திருவிழாவுக்கு வேர் அங்கே இருக்கிறது. ஆனால் சரக்கு மாறிவிட்டது. 2025இன் 'குட் பேட் அக்லி' அஜித்தின் பழைய படங்களையும் பழைய பாட்டுகளையும் ஒன்றன்பின் ஒன்றாக நினைவூட்டிக்கொண்டே போகிறது. ஊடிழைப் பிரதி என்று நாம் கோட்பாட்டு மொழியில் கொண்டாடிய ஒன்று இப்படி ஆல்பம் புரட்டுவதாக முடியும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. பிட்டின் ஆண்பால் வடிவம் இது. ஒவ்வொரு துண்டும் தனித்தனியே இனிக்கும். ஆள் வளர்வதில்லை.

ஆக, ஆண் உடலின் சேவையும் கெடும், பெண் உடலின் சேவையும் கதையாகும். என்றாலும் இரண்டும் சமம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. நாயகனின் சேவை எவ்வளவு மட்டமானாலும் படம் முடியும்போது அவன் இருக்கிறான். கடைசி ஃப்ரேமே அவனுடையது. பெண்ணின் சேவை எவ்வளவு நேர்த்தியானாலும் பாட்டு முடிந்ததும் அவள் இல்லை. எம்.ஜி.ஆரின் திரைப்பிம்பம் எப்படி அரசியலானது என்று எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் ஒரு நூலே எழுதினார். திரையில் ரசிகனுக்குச் சேவை செய்த ஆண் ஆட்சிக்குப் போக முடிந்தது. அதே ரசிகனுக்குச் சேவை செய்த கவர்ச்சி நடிகை அடுத்த படத்துக்குப் போக முடிந்தால் அதிகம்.

6

சேவையைக் கதையாக்க மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. ரசிகன் கேட்டதையே கொடுத்து, வாங்கும் கையைச் சுடுவது.

ஹிதேயாகி அன்னோவின் 'எவாஞ்செலியன்' தொடர் (1995-96) அடுத்த வார முன்னோட்டத்தில் ரசிகர்களுக்குச் சேவை காத்திருக்கிறது என்று மிசாட்டோவின் குரலில் குறும்பாக வாக்குக் கொடுக்கும். 1997இல் வந்த அதன் முடிவுப் படம் மருத்துவமனையில் தொடங்குகிறது. ரசிகர்களின் கனவுப்பெண்ணான அசுகா நினைவற்றுக் கிடக்கிறாள். அவள் உடை விலகுகிறது. நாயகச் சிறுவன் அவளைப் பார்த்துச் செய்கிற காரியம் பார்ப்பவனுக்குக் குமட்டலைத் தருகிறது, அவனுக்கும். இத்தனை வாரம் நீ கேட்டுக்கொண்டிருந்தது இதுதான் என்று படம் கண்ணாடியைத் திருப்புகிறது. பின்னால் ஓரிடத்தில் நிஜத் திரையரங்கையும் அதில் உட்கார்ந்திருக்கும் பார்வையாளர்களையுமே காட்டிவிடுகிறது.

தமிழில் இதைச் செய்த படம் தியாகராஜன் குமாரராஜாவின் 'சூப்பர் டீலக்ஸ்' (2019). பள்ளிக்கூடப் பையன்கள் கூடி நீலப்பட டிவிடி போடுகிறார்கள். பிட்டுப் பார்த்த ஒவ்வொரு தமிழ் ஆணின் இளமையும் அந்த அறையில் இருக்கிறது. திரையில் வருகிற பெண் அவர்களில் ஒருவனின் அம்மா. முகம் தேவைப்படாத உடலுக்கு முதல் தடவையாக ஒரு முகம், ஒரு வீடு, ஒரு பிள்ளை. ரம்யா கிருஷ்ணன் நடித்த லீலா அதற்கப்புறம்தான் படத்தில் நடக்கத் தொடங்குகிறாள். குத்துப்பட்ட மகனை ஆஸ்பத்திரியில் காப்பாற்ற அலைகிறாள். தான் செய்ததற்கு மன்னிப்புக் கேட்காமல், பார்க்கிறவர்கள் இத்தனை பேர் இருக்கும்போது நடித்தவள் மட்டும் எப்படிக் குற்றவாளி என்று அவனிடமே வாதாடுகிறாள். படம் அவள் உடலைக் காட்டவே இல்லை. பார்த்தவர்களின் முகத்தைத்தான் காட்டுகிறது.

ஆட்டம் முடிந்தபின் எங்கே போகிறாள் என்ற கேள்விக்கு மாதவிக்குப் பிறகு தமிழில் கிடைத்த நேர்மையான பதில்களில் ஒன்று லீலா. வீட்டுக்குப் போகிறாள். சமைக்கிறாள். பிள்ளை வளர்க்கிறாள். நாம் அவளை அடையாளம் கண்டுகொள்வோம் என்ற பயத்தோடு வாழ்கிறாள்.

சேவை கதைக்கு உதவுமா என்றால், உதவும். மூன்று நிபந்தனைகளோடு: பார்வைக்குக் கதைக்குள் ஒரு சொந்தக்காரர் இருக்க வேண்டும். பார்த்ததற்குக் கதைக்குள் யாராவது விலை கொடுக்க வேண்டும். பார்க்கப்பட்டவளுக்கு மறுநாள் விடிய வேண்டும். முதல் இரண்டையும் நம் திரைக்கதைக்காரர்கள் எப்படியாவது சமாளித்துவிடுவார்கள், கெட்டிக்காரர்கள். மூன்றாவதற்குக் கெட்டிக்காரத்தனம் போதாது. அந்தப் பெண்ணைப் பற்றிப் பாட்டு முடிந்த பிறகும் யோசிக்கிற ஒருவர் எழுத்து மேசையில் உட்கார்ந்திருக்க வேண்டும். அதுவரைக்கும் அந்த ஐந்து நிமிஷம் பெண்கள் வரிசையில் செல்போன் வெளிச்சம்தான் தெரியும்.